பிள்ளைகளின் சலிப்பும் உளநலமும்: பெற்றோருக்கு ஒரு பாடம்



நோர்வேயில் வளரும் எங்கள் பிள்ளைகளின் வாயில் நாளுக்குப் பலமுறை வரும் சொல் ஒன்று உண்டு. அது 'ஷேடெலி'. பள்ளிக்கூடம் ஷேடெலி, கலியாணவீடு ஷேடெலி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஷேடெலி. தமிழில் சொல்வதானால் "அலுப்பாக் கிடக்கு", "போரடிக்குது". இதைக் கேட்டதும் பெற்றோராகிய நாங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "எங்கட காலத்தில..." என்று தொடங்கி ஒரு பிரசங்கம் செய்கிறோம், அல்லது பிள்ளையை இன்னுமொரு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்து விடுகிறோம். அதற்கு முன்னர் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். அதற்குள் பயப்பட ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். உதவி தேவைப்படும் ஒரு நோயின் தொடக்கமும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதுபவன் வைத்தியனோ உளவியலாளனோ அல்லன், ஒரு கணக்காளன். ஆகவே மருந்து சொல்ல வரவில்லை. அறிஞர்கள் கண்டறிந்தவற்றை எங்கள் வீடுகளின் நிலைமையோடு சேர்த்து, ஒரு கணக்கைப் போல நிரைப்படுத்தித் தருகிறேன்.

1. சலிப்பு சோம்பல் அன்று

திருக்குறளின் 61-ஆம் அதிகாரம் மடியின்மை. சோம்பலைக் கடிந்துரைக்கும் அதிகாரம் அது. சிறு வயதிலேயே அதைப் படித்து வளர்ந்த எங்களுக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு "ஷேடெலி" என்று சொல்லும் பிள்ளையைக் கண்டால் சோம்பேறி என்றே தோன்றும். ஆனால் இரண்டும் வெவ்வேறு.

ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜோன் ஈஸ்ற்வூட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். மனநிறைவு தரும் ஒன்றில் ஈடுபட விரும்பியும் ஈடுபட முடியாமல் நிற்கும் நிலையே சலிப்பு என்பது அதன் சாரம். சோம்பேறிக்கு ஒன்றும் செய்ய விருப்பமில்லை. சலிப்புற்றவனுக்கு விருப்பம் இருக்கிறது. அந்த விருப்பம் போய்ப் பிடிப்பதற்கு ஒரு கொழுகொம்பு கிடைக்கவில்லை. அதனால்தான் சலிப்பில் ஒரு தவிப்பும் எரிச்சலும் கலந்திருக்கின்றன.

அந்தத் தவிப்பு எவ்வளவு வலியது என்பதை அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனை காட்டியது. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், ஆட்களை வெறும் அறையொன்றில் 15 நிமிடம் தனியே இருக்கவிட்டார்கள். அருகில் இருந்தது சிறு மின்னதிர்ச்சி தரும் ஒரு பொத்தான் மட்டுமே. அந்த அதிர்ச்சியை முன்னரே அனுபவித்து, அது வேண்டவே வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அவர்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பொத்தானை ஒரு தடவையாவது அழுத்தினார்கள். வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால் 15 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? "சும்மா இரு" என்பது சொல்வதற்கு எளிது.

2. இரண்டு வகைச் சலிப்பு

இந்தப் பொருளில் நோர்வேக்கே ஒரு பெயர்பெற்ற அறிஞர் இருக்கிறார். பேர்கன் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் லார்ஸ் ஸ்வென்ட்சன் 1999-இல் சலிப்பின் தத்துவம் பற்றி எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதில் அவர் சலிப்பை வகைப்படுத்துகிறார். ஒன்று, சூழ்நிலையால் வருவது. பஸ் பிந்துகிறது, பாடம் நீள்கிறது, விருந்தில் பெரியவர்கள் அரசியல் கதைக்கிறார்கள். சூழ்நிலை மாறியவுடன் இது போய்விடும். மற்றது, எந்த ஒரு பொருளோடும் ஒட்டாதது. எதைச் செய்தாலும் 'இதனால் என்ன?' என்ற கேள்வி மிஞ்சும் நிலை அது. பொழுதுபோக்கைக் கூட்டினால் முதலாவது தீரும், இரண்டாவது தீராது.

இரண்டாவது வகையை எங்களில் பலர் அனுபவித்திருக்கிறோம். தஞ்ச விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அகதிகள் முகாமில் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். அங்கே சூடான அறை இருந்தது, சாப்பாடு இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. ஆயினும் நானும் என் அறையிலிருந்தவர்களும் பகலை இரவாக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தோம். குறையாக இருந்தது பொழுதுபோக்கு அன்று; நாளை என்ன செய்வது என்று நாங்களே தீர்மானிக்கும் உரிமை. முகாமில் எங்களுக்கும் இங்கே எங்கள் பிள்ளைகளுக்கும் வாழ்க்கை வெகு வித்தியாசந்தான். ஆனால் தன் கையில் ஒன்றுமில்லை என்ற உணர்வு வந்துவிட்டால், ஒஸ்லோவில் சொந்த அறையும் கணினியும் உள்ள பிள்ளைக்கும் இதே சலிப்புத்தான் வரும்.

3. ஒரு பிள்ளையின் வாரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலம். 15 வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒன்றின் வாரத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

நித்திரை: 56
பள்ளிக்கூடமும் போக்குவரத்தும்: 35
வீட்டுப்பாடம்: 10
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி: 5
நடனம் அல்லது சங்கீதம்: 4
உதைபந்தாட்டப் பயிற்சி: 6
கோயில், பிறந்தநாள், கொண்டாட்டம்: 4
சாப்பாடு, குளிப்பு, வீட்டுவேலை: 14

மொத்தம் 134. மீதி 34.

உங்கள் வீட்டில் இந்த எண்கள் கூடிக் குறையலாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இதைத் தீர்மானித்தவர் யார்?' என்று ஒரு பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான வரிகளில் 'பள்ளிக்கூடம்', 'அம்மா', 'அப்பா' என்றே வரும். மீதி 34 மணித்தியாலத்திலும் பெரும்பங்கைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொள்ளும். 'நான்' என்று பிள்ளை எழுதக்கூடிய வரி எத்தனை?

இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் உயர்கல்விக்குச் செல்லும் வீதம், நாட்டின் பொதுவான வீதத்தைவிட உயர்ந்தது என்று நோர்வேயின் புள்ளிவிபரத் திணைக்களம் காட்டியிருக்கிறது. இது எங்கள் சமூகத்தின் வரவுப் பக்கம். துப்புரவு வேலையிலும் முதியோர் இல்லங்களிலும் இரவும் பகலும் உழைத்து இதைச் சம்பாதித்த பெற்றோரை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் எந்தக் கணக்குக்கும் மறுபக்கம் உண்டு. அட்டவணை நிறைந்த பிள்ளைக்குச் சலிப்பு வராது என்று நாங்கள் நம்புகிறோம். அது சரியன்று.

அமெரிக்க உளவியலாளர்களான எட்வேட் டெசி, ரிச்சேட் றையன் ஆகியோர் பல ஆண்டு ஆய்வின் பின் மனிதனுக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்று வகுத்தார்கள். தன் செயலைத் தானே தெரிவு செய்தல், 'எனக்கு இது முடியும்' என்ற திறமையுணர்வு, பிறரோடு பிணைப்பு என்பனவே அவை. எங்கள் வீடுகளில் மூன்றாவது நிறைய உண்டு. இரண்டாவதும் வகுப்புகள் மூலம் கிடைக்கிறது. முதலாவதுதான் பல வீடுகளில் பற்றாக்குறை. ஆகவே பிள்ளை "ஷேடெலி" என்று சொல்லும்போது பல வேளைகளில் அதன் பொருள் 'எனக்கு வேலை இல்லை' என்பதன்று. 'இதில் எதுவும் என்னுடையதன்று' என்பதே. அதற்குப் பரிகாரமாக இன்னொரு வகுப்பைச் சேர்ப்பது, கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது போன்றது.

4. கைத்தொலைபேசி சலிப்பைப் போக்குமா?

மீதி 34 மணித்தியாலத்துக்கு வருவோம். ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான கேற்றி ராம், மைக்கல் இன்ஸ்லிற் ஆகியோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பயன்படும். சலிப்பைத் தவிர்ப்பதற்காக ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பார்ப்பவர்களுக்குச் சலிப்புக் குறையவில்லை, கூடியது. ஒன்றையே இருந்து முழுமையாகப் பார்த்தவர்களுக்குச் சலிப்புக் குறைவு. உப்புத் தண்ணீரால் தாகம் தீர்க்கும் கதைதான்.

நோர்வேயின் கல்வித் திணைக்களமும் 2024 பெப்ரவரியில், பாடநேரத்தில் கைத்தொலைபேசியைத் தவிர்க்கும்படி பள்ளிகளுக்குப் பரிந்துரை செய்தது. ஆனால் வீட்டில் தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் பூட்டுவது மட்டும் போதாது. எடுத்த இடத்தில் ஒன்றை வைக்கவேண்டும். அதைத் தெரிவு செய்வதில் பிள்ளைக்கும் பங்கிருக்க வேண்டும். பெற்றோரின் தொலைபேசியும் அதே மேசையில் வைக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

5. இருண்ட மாதங்களும் நீண்ட கோடையும்

ஒஸ்லோவில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறக்குறைய 6 மணித்தியாலமே. பிள்ளை இருட்டில் பள்ளிக்கூடம் போய் இருட்டில் திரும்புகிறது. பருவ வயதில் உடலின் நித்திரைக் கடிகாரமும் இயல்பாகவே பின்தள்ளிப் போகும். பிந்தித்தான் நித்திரை வரும். ஆனால் அந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். நித்திரை குறைந்த பிள்ளைக்கு எல்லாமே சலிப்பாகத்தான் இருக்கும். எனவே முதலில் பார்க்கவேண்டியது நித்திரை. அடுத்தது பகல் வெளிச்சத்தில் அரைமணி நேரமாவது வெளியே நடப்பது.

கோடையில் பிரச்சினை தலைகீழ். பள்ளி விடுமுறை ஏறக்குறைய 8 வாரம். யூலையில் நோர்வேஜியக் குடும்பங்கள் தங்கள் 'ஹித்த'க்களுக்குப் போய்விட, நகரமே வெறிச்சோடும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் எங்கள் வீடுகளில் பிள்ளை நாலு சுவருக்குள் தனியே இருக்கும். இதற்கு வழிகள் உண்டு. ஒஸ்லோ நகரசபை பள்ளி மாணவர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்துகிறது. 'பூவா' என்ற இரவல் நிலையங்களில் சைக்கிள், கூடாரம், பனிச்சறுக்குப் பலகை முதலியவற்றை இலவசமாக எடுக்கலாம். 13 வயது நிரம்பியவர்கள் இலகுவான வேலை செய்யச் சட்டம் இடமளிக்கிறது. 2025-ஆம் ஆண்டில் வரியில்லா அட்டையுடன் 100,000 குரோனர் வரை வரி கட்டாமல் உழைக்க முடிந்தது. தான் உழைத்த முதற்பணத்தைக் கையில் எடுக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எதைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

6. எப்போது கவலைப்பட வேண்டும்?

நோர்வேயில் 2010 முதல் 'உங்டாட்டா' என்ற பெயரில் மாணவர்களிடம் தொடர்ச்சியாக ஆய்வு நடத்தப்படுகிறது. மேற்பிரிவு மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடத்தில் சலிப்பாக இருக்கிறது என்றே அதில் சொல்கிறார்கள். ஆகவே சலிப்பு மட்டும் இருந்தால் அது நோயன்று. சலிப்பும் மனச்சோர்வு நோயும் வெவ்வேறானவை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அடிக்கடி சலிப்புறுபவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது.

வேறுபாட்டை இப்படிப் பார்க்கலாம். சலிப்புற்ற பிள்ளைக்குப் பிடித்த நண்பன் வந்தால் எழும்பி ஓடும். மனச்சோர்வுள்ள பிள்ளைக்கு முன்பு பிடித்ததும் இப்போது பிடிக்காது. சலிப்பு வந்து போகும். மனச்சோர்வு இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் நிலைத்து நிற்கும். கூடவே நித்திரையில் மாற்றம், சாப்பாட்டில் மாற்றம், பாடத்தில் கவனமின்மை, 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற பேச்சு, காரணமில்லாமல் பள்ளிக்கூடம் போகாமை, நண்பர்களிடமிருந்து விலகுதல் ஆகியன வரும். பருவ வயதில் மனச்சோர்வு அழுகையாக அன்றி எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். "வாய்க்காட்டுது" என்று நாங்கள் ஏசும் பிள்ளை நோயுற்றிருக்கலாம்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எங்கள் மக்களின் மனதைப் பாதித்த விதத்தை ஆராய்ந்து 1998-இல் நூலாக வெளியிட்டவர். எங்கள் மக்கள் மனவேதனையை உடல் வேதனையாகச் சொல்வதை அவர் போன்ற வைத்தியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உளைவு என்போம். 'மனம் சரியில்லை' என்று சொல்ல மாட்டோம். பிள்ளைகளும் வேறு விதமாக இதையே செய்கிறார்கள். நோர்வேஜிய மொழியில் நன்றாகக் கதைக்கத் தெரிந்த பிள்ளைக்கும், தன் துக்கத்தைத் தமிழில் அம்மாவிடம் சொல்லச் சொற்கள் இல்லை. தெரிந்த சிறு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கி விடுகிறது. அந்தச் சொல் 'ஷேடெலி'.

உயிரை விடும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதே வல்லுநர்களின் கருத்து. கேட்டபின் பிள்ளையைத் தனியே விடாமல் உதவியை நாடுங்கள்.

7. எங்கே போவது?

பள்ளிக்கூடத் தாதி: ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளிச் சுகாதார சேவை உண்டு. பிள்ளை தானாகவே போய்க் கதைக்கலாம்.

இளையோர் சுகாதார நிலையம்: இலவசம். முன்பதிவின்றிப் போகக்கூடிய நேரங்களும் உண்டு.

குடும்ப வைத்தியர்: தேவையானால் 'பூப்' எனப்படும் சிறுவர் இளையோர் உளமருத்துவ நிலையத்துக்கு அனுப்புவார். 18 வயதுக்குட்பட்டோரின் உளச் சிகிச்சைக்குப் பங்குக் கட்டணம் இல்லை.

தொலைபேசி: சிறுவர்க்கும் இளையோர்க்கும் 116 111. எந்த வயதினரும் மனம் விட்டுக் கதைக்க 116 123. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குவன. அவசர வைத்தியத்துக்கு 116 117. உயிராபத்து என்றால் 113.

பெற்றோரைத் தடுக்கும் பயங்கள் மூன்று. முதலாவது, "ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்பது. வைத்தியர்களும் தாதிகளும் இரகசியம் காக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்கள். இரண்டாவது, மொழி. பொது நிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம் தடுக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்றாவது, சிறுவர் நலத்துறை பற்றிய பயம். வைத்தியர்கள் அங்கே அறிவிக்கக் கடமைப்பட்டிருப்பது, பிள்ளை கொடுமைக்கோ பாரதூரமான புறக்கணிப்புக்கோ ஆளாகிறது என்று நம்பக் காரணம் இருக்கும்போது. பிள்ளைக்கு மனச்சோர்வு என்று வைத்தியரிடம் கூட்டிப்போவது பெற்றோரின் குற்றமன்று; பொறுப்பு.

16 வயது நிரம்பியவர் தன் சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கலாம். அவர் சொன்னதை வைத்தியர் பெற்றோரிடம் சொல்லாமல் விடலாம். இதைக் கேட்டு மனம் நோக வேண்டாம். பிள்ளை யாரிடமாவது வாய் திறப்பதே முதலில் வேண்டியது.

8. வீட்டிலும் கோயிலிலும் செய்யக்கூடியவை

அ) பிள்ளையின் கணக்கில் 'நான்' என்ற வரியைத் திறவுங்கள். வாரத்தில் நாலு மணித்தியாலமாவது பிள்ளையே தெரிவு செய்யட்டும். அது கிற்றாரோ, சமையலோ, மீன்பிடியோ ஆகலாம். சோதனைக்கும் மேடைக்கும் உதவாததாகவும் இருக்கலாம்.

ஆ) ஒரு வகுப்பை விட விரும்பினால் காரணத்தைக் கேளுங்கள். தவணை முடியும்வரை தொடர்ந்து, பின் சேர்ந்து முடிவெடுக்கலாம்.

இ) சிறு சலிப்பைச் சகிக்கப் பழக்குங்கள். ஒவ்வொரு வெற்று நிமிடத்தையும் நாங்களே நிரப்பினால் பிள்ளை தானாக ஒன்றைத் தேடிக்கொள்ளப் பழகாது.

ஈ) உண்மையான பொறுப்புக் கொடுங்கள். ஊரில் சிரமதானம் என்றோம். இங்கே 'டூக்னாட்' என்கிறார்கள். திருவிழாவில் இளையோரைக் கதிரை அடுக்க மட்டும் கூப்பிடாமல், ஒலியமைப்பு, வாகனத் தரிப்பிடம், அன்னதானக் கணக்கு என ஒரு பகுதியை முழுமையாக ஒப்படையுங்கள். பிழை விட்டால் திருத்தட்டும்.

உ) காரில் போகும்போது கதையுங்கள். முகம் பாராமல் பக்கத்தில் இருந்து கதைப்பது இந்த வயதினருக்குச் சுலபம். "என்ன மார்க்ஸ்?" என்ற கேள்வியை ஒருநாளைக்கு விட்டுவிடுங்கள்.

வீட்டில் கூடியிருந்து கதைக்கச் சில கேள்விகள்

1. கடந்த வாரத்தில் நேரம் போனதே தெரியாமல் செய்த காரியம் எது? (பெற்றோரும் பதில் சொல்லவேண்டும்.)
2. உன் வாரக் கணக்கில் எந்த வரியை நீயே தெரிவு செய்தாய்? எதைத் தெரிவு செய்ய விரும்புகிறாய்?
3. "ஷேடெலி" என்று சொல்லும்போது உனக்குக் களைப்பா, கோபமா, தனிமையா, துக்கமா?
4. மனம் மிகவும் பாரமானால் வீட்டுக்கு வெளியே யாரிடம் போவாய்?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. அன்று வராவிட்டாலும் குறையில்லை. கேட்கப்பட்டது என்பது பிள்ளையின் மனதில் நிற்கும். தேவை வரும் நாளில் அது உங்களிடம் வரும். அன்று பிரசங்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இருந்து கேட்பதற்கு ஆயத்தமாக இருங்கள்.